மகிழ்ச்சிக் கணக்கில் விடுபட்டவர்கள்

நாட்டின் வளத்தைப் பணத்தால் மட்டும் அளக்கலாகாது, மக்களின் மகிழ்ச்சியால் அளக்க வேண்டும் என்று 1970-களில் சொன்னவர் பூட்டானின் நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக். உயர்ந்த எண்ணம்தான். ஆனால் அவர் ஆட்சியில்தான், தெற்கே தலைமுறைகளாக நிலத்தை உழுதுவந்த நேபாளி மொழி பேசும் லோட்சம்பா மக்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நாடிழந்தார்கள்.

1988-இல் தெற்கு மாவட்டங்களுக்குக் கணக்கெடுக்க வந்த அதிகாரிகள் கேட்டது 1958-ஆம் ஆண்டின் வரி ரசீதை. முப்பது வருடத்துக்கு முந்தைய அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தவன் குடிமகன். கரையானுக்குக் கொடுத்தவன் அந்நியன். ஒரே வீட்டில் கணவனை ஒரு பிரிவிலும் மனைவியை இன்னொரு பிரிவிலும் எழுதினார்கள். அடுத்த ஆண்டு வடக்கின் உடையான கோவும் கிராவும் கட்டாயமாயின. பள்ளிகளில் நேபாளி மொழிப் பாடம் நின்றது. 1990-இல் எதிர்ப்பு கிளம்பியதும் கைதுகள். விருப்பத்தோடு வெளியேறுவதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பப்பட்டவர்கள் கிழக்கு நேபாளத்தின் ஜாப்பா, மோரங் முகாம்களின் மூங்கில் குடிசைகளில் பல்லாண்டுகள் கிடந்தார்கள்.

பூட்டானின் அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. நேபாளி பேசுவோர் பெரும்பான்மையாகிவிட்ட பக்கத்துச் சிக்கிம் 1975-இல் இந்தியாவோடு இணைந்ததை அது கண்ணெதிரே பார்த்தது. தன் பண்பாடு கரைந்துபோகுமோ என்று சின்ன நாடு கலங்குவது இயல்பு. ஆனால் எல்லையைக் காக்க வழிகள் உண்டு. ஏலக்காயும் ஆரஞ்சும் பயிரிட்டவனை அவன் தோட்டத்திலிருந்து பிடுங்கி எறிவது அந்த வழிகளில் ஒன்றல்ல.

2010-இல் வகுத்த மகிழ்ச்சிக் குறியீட்டில் 33 அளவுகோல்கள் உண்டு. தாய்மொழியைச் சரளமாகப் பேசுவது அவற்றில் ஒன்று. லோட்சம்பா குழந்தையின் பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டது அதன் தாய்மொழிதானே! உடையைக் கட்டாயமாக்கிய அதே திரிக்லம் நம்ஷா ஒழுக்கமுறையும் இன்னொரு அளவுகோல். துரத்தப்பட்டவர்களிடமோ எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை. மிஞ்சியவர்களின் பதில்களால் மட்டும் ஆன சராசரி எவ்வளவு உயர்ந்தாலும் அதை ஒரு நாட்டின் மகிழ்ச்சி என்று ஏற்க இயலாது.

2007-க்குப் பின் அமெரிக்காவும் வேறு ஏழு நாடுகளும் அகதிகளில் பெரும்பாலோரை ஏற்றன, பூட்டான் ஏற்கவில்லை. 2025-இல் அமெரிக்கா பூட்டானுக்கு நாடுகடத்திய சிலரைக்கூட, வந்த வேகத்தில் இந்திய எல்லைக்கு அனுப்பியது. நேபாளத்தின் பெல்டாங்கி முகாமில் ஊர் திரும்பக் காத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1990-களில் சிறைப்பட்ட லோட்சம்பாக்கள் சிலர் இன்னும் வெளியே வரவில்லை. இவர்களுக்கு வழிவிட இன்றைய மன்னரின் ஓர் ஆணை போதும்.