குளிர்காய்தல்

குளிர்காய்வது என்பதற்குத் தமிழில் நல்ல பெயர் இல்லை. நாலு பேர் சண்டையில் ஐந்தாவது ஆள் குளிர்காய்கிறான் என்றால் அவனை நாம் எங்கே வைக்கிறோம் என்பது சொல்லாமலே விளங்கும். வள்ளுவர்கூட இந்தச் செயலை எடுத்தாண்டது மன்னரைச் சேர்ந்தொழுகுபவனுக்குப் புத்தி சொல்லும் இடத்தில்தான். விலகிவிடாமலும் நெருங்கிவிடாமலும் இருக்கத் தெரிந்தவனுக்கே நெருப்பால் லாபம் என்ற கணக்கு அது. வருஷத்தில் பெரும்பகுதி வெயிலில் வேகிற ஜனங்களின் மொழி, கதகதப்பை ஒரு சுகம் என்று ஒப்புக்கொள்ளத் தயங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் நாசிக் அருகே கழித்த இரண்டு இரவுகளுக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

புனேயில் இருக்கும் என் மகளும் மருமகனும் என்னைத் திண்டோரிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். தோட்டத்துக்குள் கூடாரங்கள். சுவர் என்னவோ கித்தான்தான். ஆனால் தரை மரத்தளம், அதன்மேல் ஜமக்காளம், இரட்டைக் கட்டில், எடையே தெரியாத ரஜாய், திருகினால் வெந்நீர் கொட்டும் குளியலறை. வாசலில் ஓர் இரும்புச் சட்டியில் விறகு அடுக்கித் தீ மூட்டித் தருவார்கள். கையில் அந்த மண்ணிலேயே விளைந்த ஷெனின் பிளாங்க் ஒயின். இதற்கு 'கிளாம்பிங்' என்று பெயராம். பகட்டுக்கான ஆங்கிலச் சொல்லையும் முகாமுக்கான சொல்லையும் ஒட்டவைத்துச் செய்தது என்று மகள் விளக்கினாள்.

இதை வைத்துக் கிண்டலாக நாலு பக்கம் எழுதிவிடலாம். அந்த வகைக் கிண்டலுக்கு நம் பத்திரிகைகளில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. எனக்கு அது கைகூடாத காரணம், எனக்கு அங்கே பிடித்திருந்தது. முதல் இரவு, பல வருஷங்களாக இல்லாத அளவுக்கு நன்றாகத் தூங்கினேன். கித்தானில் பனி சொட்டும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு நாய். மூக்கு நுனி மட்டும் ஜில்லென்று இருக்க மற்ற உடம்பு முழுவதும் கதகதப்பில் கிடந்தது. மறுநாள் பகல் முழுவதும் இந்தச் சுகத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீடு குளிரை மறக்கச் செய்கிறது. அங்கே மூன்றே அடி தள்ளி ஒரு கெட்டிச் சுவர் எழுப்பியிருக்க முடியும். எழுப்பினால் யாரும் வரமாட்டார்கள். காசு கொடுப்பது சுவரின் மெல்லிய தன்மைக்கு. குளிர் ஒரு விரற்கடை தூரத்தில் நிற்க வேண்டும், அது நிற்பது காதில் விழ வேண்டும், உள்ளே வரக்கூடாது. டி குவின்ஸி 1821இல் வெளியிட்ட தன் அபின் வாக்குமூலத்தில், பனியையும் ஆலங்கட்டியையும் முடிந்தமட்டும் கொட்டும்படி வானத்திடம் மனுப் போடுகிறார் — கணப்பும் தேநீரும் திரைச்சீலையும் தன் பக்கம் இருப்பதால். போதலேர் 1860இல் அவரை எடுத்துக்கொண்டு, குளிர்காலம் வீட்டின் கவித்துவத்தைக் கூட்டுகிறது என்ற முடிவுக்கு வருகிறார். பாஷ்லார் 1957இல் போதலேரை எடுத்துக்கொண்டு இன்னும் அழகாகப் பேசுகிறார். மூவரும் பேசுவது உள்ளே இருப்பவனைப் பற்றி. வெளியே ஒருவன் இருக்கக்கூடும் என்பதை முன்பே யோசித்தவர் லுக்ரீஷியஸ்: கரையில் நின்று கடலில் தத்தளிப்பவனைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்று தன் இரண்டாம் காண்டத்தைத் தொடங்குகிறார். உடனேயே, அடுத்தவன் துன்பம் சுகமல்ல, நாம் அதிலிருந்து தப்பியிருப்பதே சுகம் என்று சமாதானமும் சொல்கிறார். எனக்கு அது எப்போதும் வக்கீல் சொல்லும் சமாதானமாகவே படும்.

மாலையில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார்கள். இந்தப் பிரதேசத்தில் ஒயின் பழைய தொழில் அல்ல. 1990களின் கடைசியில்தான் நாசிக்கில் அதற்கான கொடிகள் பெருமளவில் ஊன்றப்பட்டன. 2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்கென்று ஒரு கொள்கையே வகுத்துச் சலுகைகள் தந்தது. இந்த விவரங்களைச் சிரித்த முகத்தோடு ஒப்பித்த பையன் சொல்லாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. பம்பாயில் நான் வேலை பார்த்த முப்பது வருஷங்களில் நாசிக்காரர்கள் பலர் பழக்கம். குளிர்நாடுகளில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கிவிடும். வசந்தத்தில் தானாக எழுந்து துளிர்க்கும். நாசிக்கில் அந்தத் தூக்கத்துக்கு வேண்டிய குளிர் கிடையாது. அதனால் ஏப்ரலில் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்கிறார்கள்; அறுவடை ஒன்றுதான். இரண்டாவது கவாத்துக்குப் பின் கணுக்கள் ஒரேசீராக முளைவிட ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைக் கொடிகளில் பூசுகிறார்கள். தூங்காத கொடியைத் தூங்கி எழுந்ததாக நம்பவைக்கிற காரியம். பூசுகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை உண்டு: மருந்து உடம்பில் பட்டிருக்கும்போது மது தொடக்கூடாது. தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சுத் திணறும், உயிருக்கே ஆபத்தாகலாம். கண்ணாடிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இதை நினைத்துப் பார்ப்பது அவ்வளவு சௌகரியமான காரியமாக இல்லை. ஆனால் குடித்தேன்.

இரண்டாவது இரவு குளிர் அதிகம். பன்னிரண்டு மணிக்கு மேல் விழிப்பு வந்து வெளியே வந்தபோது, வேலிக்கு அப்பால் இருட்டில் வரிசையாகச் சின்னச் சின்னத் தீக்கள். பக்கத்தில் இன்னொரு கூடார விடுதி இருக்கிறது, அங்கே யாரோ கொண்டாடுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். கொண்டாட்டத்துக்குச் சத்தம் போதவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

அது ஒரு சிறு விவசாயியின் தோட்டம். ஒயினுக்கானதல்ல, தின்னும் பழத்துக்கான திராட்சை. அந்த மாவட்டத்தில் கிழக்கே நிஃபாட் பக்கம் சில வருஷங்களில் குளிர் 5 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அப்படிப்பட்ட ராத்திரிகளில் காயின் வளர்ச்சி நின்றுபோகிறது. பழுக்கத் தொடங்கிய காய் வெடிக்கிறது. அதனால் வரிசைகளுக்கு நடுவே தீ மூட்டிப் புகை கிளப்புகிறார்கள். விடியற்காலையில் கிணற்று நீரைத் திறந்துவிடுகிறார்கள், பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருக்கும் என்பதால். அங்கே நாலு பேர் இருந்தார்கள்: தோட்டக்காரர், அவர் அண்ணன் மகன், கூலிக்கு வந்த இருவர். அந்த இருவரும் சுர்காணா பக்கத்து ஆதிவாசிகள். சுர்காணாவிலிருந்தும் பேட் தாலுகாவிலிருந்தும் திராட்சைப் பருவத்தில் கூட்டம் கூட்டமாக வந்து, தோட்டங்களிலேயே தங்கி வேலை செய்வது அங்கே வழக்கம். 2018 மார்ச்சில் காட்டு நிலத்துக்கு உரிமை கேட்டு நாசிக்கிலிருந்து மும்பைக்கு 180 கிலோமீட்டர்போல நடந்த விவசாயிகளில் இந்தப் பக்கத்தவர் ஏராளம். பரீட்சை எழுதும் குழந்தைகளுக்கு இடைஞ்சல் கூடாது என்று கடைசிக் கட்டத்தை ராத்திரியிலேயே நடந்து தீர்த்தவர்கள்.

"பஸா, காகா" என்று எனக்கு ஒரு சாக்கை விரித்துப்போட்டார் தோட்டக்காரர். உட்கார்ந்தேன். நான் கொண்டுபோயிருந்த இரக்கத்தை வைக்க அங்கே இடம் இருக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர்கள் யாரோ ஒரு மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டீ இருந்தது. முதுகில் குளிரும் முகத்தில் அனலுமாக அவர்களும் அந்தத் தீயை ரசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நடுநடுவே ஒருவர் எழுந்து போய், அணையப்போகிற தீக்கு ஈரச் சருகு போட்டுவிட்டு வருவார். என் வாசலில் எரிந்த விறகுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இங்கே மனுஷன் குளிர்காய்வது இரண்டாம்பட்சம். தீ திராட்சைக்காக எரிந்தது.

பிறகு தோட்டக்காரர் கேட்டார்: "அந்தக் கூடாரத்துக்கு ராத்திரிக்கு என்ன வாங்குகிறார்கள், காகா?"

நான் பாதித் தொகையைச் சொன்னேன்.

அந்தப் பாதியே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் சுர்காணாக்காரர்களில் வயதானவர், "கூடாரத்தில் படுக்க அவ்வளவு காசா? நான் நாலு மாசமாகப் பிளாஸ்டிக் தாளுக்கடியில்தான் படுக்கிறேன். அப்படியானால் முதலாளிக்கு நான் எவ்வளவு பாக்கி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தோட்டக்காரர்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

திரும்பி வந்து ரஜாய்க்குள் படுத்தபோது தூக்கம் வரவில்லை. நெடுநல்வாடை ஞாபகம் வந்தது. கூதிர்க் குளிரை நக்கீரர் எப்படிப் பங்கிட்டுக் கொடுக்கிறார் என்பதைப் பற்றி நம்மிடையே யாரும் போதுமான அளவு பேசவில்லை என்றே நினைக்கிறேன். தொடக்கத்தில் வெள்ளத்துக்கு இடம்பெயர்ந்த கோவலர்கள் நடுங்கிக்கொண்டு தீயில் கை காய்ச்சுகிறார்கள். அப்புறம் நகரம்: விசிறிகள் தொங்கிக் கிடக்கின்றன, மாடச் சன்னல்கள் அடைத்துக் கிடக்கின்றன, குளிர்ந்த நீரை யாரும் தொடுவதில்லை, தூபமுட்டியில் நெருப்பு. தந்தக் கட்டிலில் அத்தனை கதகதப்புக்கும் நடுவில் அரசி அழுதுகொண்டிருக்கிறாள். கடைசியில் பாசறை. நள்ளிரவில் தூறல் நனைக்க அரசன் கூடாரத்தை விட்டு வெளியே வந்து, புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிறான். நக்கீரர் அரண்மனையைப் பார்த்து, உனக்கெதற்கு நெருப்பு என்று கேட்கவில்லை. அரசன் வெளியே வந்ததைப் பெரிய தியாகமாக்கிப் பேசவும் இல்லை. அவனுடைய சண்டையில் பட்ட காயங்கள் அவை. அவன் பார்க்கப் போகிறான். வேலில் கட்டியிருக்கும் வேம்பை வைத்து அது பாண்டியன்தான் என்று நிறுவுவதில் காட்டிய சிரத்தையைப் பண்டிதர்கள் இதில் காட்டியிருக்கலாம்.

நானும் கூடாரத்தை விட்டு வெளியே போனவன்தான். ஆனால் என்னத்துக்குப் போனேன்? இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டுங்காவில் ஓர் அறையில் குடியிருந்த காலத்தில், நடைபாதையில் மழையில் நனைந்துகொண்டு குழந்தைக்குப் பால் கொடுத்த பெண் ஒருத்தியைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். உங்களில் சிலர் அதைப் பாராட்டியிருக்கிறீர்கள். படிமங்கள் கச்சிதம் என்று ஒருவர் கடிதம்கூட எழுதினார். அந்தக் கவிதையில் எல்லாம் இருக்கின்றன. நான் உட்கார்ந்திருந்த சன்னல் மட்டும் இல்லை. சன்னலுக்கு உள்ளே அந்த நேரத்தில் ஸ்டவ்வில் காப்பி கொதித்துக்கொண்டிருந்ததும் இல்லை. எடுத்துவிட்டேன். இருந்தால் கவிதை கெட்டுவிடும் என்று அப்போது நினைத்தேன்.

இதிலிருந்து, வெளியே இருப்பவனைப் பற்றி உள்ளே இருப்பவன் எழுதக்கூடாது என்ற முடிவுக்குப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது கித்தானை எடுத்துவிட்டுக் கெட்டிச் சுவர் கட்டிக்கொள்வது. குற்ற உணர்ச்சியும் எனக்கு இப்போது உதவவில்லை. குற்ற உணர்ச்சி போல உடம்புக்கு ஒட்டின போர்வை வேறு கிடையாது. அதைப் போர்த்திக்கொண்டு எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தூங்கலாம், என் தலைமுறையில் பலர் தூங்கினார்கள். ரஜாயில் படுத்ததற்காகவோ ஒயின் குடித்ததற்காகவோ எனக்கு வெட்கம் இல்லை. பாதித் தொகை சொன்னேனே, அதுதான் உறுத்துகிறது. யாருக்காகச் சொன்னேன்? அவர்கள் மனம் புண்படக்கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். அந்தக் கிழவரின் சிரிப்பைக் கேட்ட பிறகு அது நிற்கவில்லை. உண்மையான தொகையையும் அவர் இதே போலச் சிரித்துத் தாங்கியிருப்பார். தீயைச் சுற்றி எனக்குக் கிடைத்த அந்த இடம், அந்தச் சாக்கு, அந்த டீ, 'காகா' என்ற வார்த்தை எல்லாம் இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். குளிர் உள்ளே வந்துவிடுமே என்று ஒரு கண்ணியைச் செருகினேன். விடுதிக்காரன் கித்தானை வைத்துச் செய்கிற காரியத்தை நான் ஓர் எண்ணை வைத்துச் செய்திருக்கிறேன். மாட்டுங்காவில் சன்னலை எடுத்ததும் இதுவும் ஒரே கை செய்த வேலை என்று எனக்குத் தெரிகிறது.

காலையில் கிளம்பும்போது மருமகனிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சரியான தொகையை மராத்தியில் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன், எழுபது வயதில். தோட்டத்தில் கரும்புள்ளிகளாகச் சாம்பல் கிடந்தது. பெரியவர்கள் யாரும் இல்லை. அண்ணன் மகன் மட்டும் தண்ணீரை அடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். கண் இரண்டும் புகையில் சிவந்திருந்தன. பழம் தப்பியதா என்று கேட்டேன். மேல்பக்கம் தப்பித்துவிட்டது என்றான். கீழ்ப்பக்க வரிசைகளில் விறகு போதவில்லையாம். காய் வெடித்திருக்கிறதா என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.