பிரிக்காத பாக்கெட்

பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. உள்ளே இருப்பது புதுசா, பழசா?

கடைக்காரரைக் கேட்டால், ‘சீல்கூட உடைக்கலை சார், புத்தம் புதுசு’ என்பார். டேபிள் டென்னிஸ் ஆடுகிற ஒருவரைக் கேளுங்கள். ‘தயாரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?’ என்று திருப்பிக் கேட்பார். அவர் மட்டையில் ஒட்டுகிற ரப்பர் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஆடினால் தேயும், ஆடாமல் வைத்தால் கெடும்.

மட்டையின் மரத்துக்கு மேல் ஒரு ஸ்பாஞ்சு, அதற்கு மேல் ஒரு ரப்பர் தகடு. இரண்டும் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஸ்பாஞ்சின் மகிமையை உலகம் பார்த்தது நம் நாட்டில்தான். 1952-ல் பம்பாயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்புக்கு ஹிரோஜி சட்டோ என்ற ஜப்பானியர் ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்தார். பந்து மட்டையில் படுகிற சத்தமே சரியாகக் கேட்காமல் எதிராளிகள் திணறினார்கள். ஒற்றையர் பட்டம் அவருக்கு!

ரப்பர் என்பது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். அந்தச் சங்கிலிகளைக் கந்தகத்தால் முடிச்சுப் போடும் வித்தையை 1839-ல் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர். இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி சுருங்குவது அந்த முடிச்சுகளால்தான். ஆனால், காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனும் ஓசோனும் சும்மா இருப்பதில்லை. சில சங்கிலிகளை அறுக்கும். சில இடங்களில் வேண்டாத முடிச்சுகளைப் போடும். சூடும் வெளிச்சமும் சேர்ந்தால் வேலை இன்னும் சுருக்காக நடக்கும். பந்தைக் கவ்விச் சுழற்றுகிற பிடிப்பு போய், மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழுக்கும். ஸ்பாஞ்சு விறைக்கும். பார்வைக்கு மட்டும் அதே சிவப்பு, அதே கறுப்பு.

ஆடி முடித்ததும் ஈர ஸ்பாஞ்சால் தூசியைத் துடைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, உறைக்குள் போட்டு, வெயில் படாத இடத்தில் வைத்தால் முதுமை கொஞ்சம் தள்ளிப்போகும். தள்ளித்தான் போகும். நிற்காது.

இனி சாத்தான்குளம் பக்கம் வாருங்கள். தேரிக்காட்டுச் செம்மண்ணும் பனையும் வெயிலுமான பூமி. அங்கே ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். பரிசளிப்பு விழாவுக்குப் போனவனை பி.டி. சார் விளையாட்டு அறைக்கு அழைத்துப் போனார். பிள்ளைகள் ஓரம் பிய்ந்த மட்டைகளோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். இரும்பு பீரோவைத் திறந்தார். தொட்டால் கை சுடுகிறது. உள்ளே ஆறு ரப்பர் பாக்கெட்டுகள், பிரிக்காமல்.

‘நல்ல ரப்பரு சார். டிஸ்ட்ரிக்ட் மேட்சுக்குன்னு வச்சிருக்கேன். இப்பமே குடுத்தா பயலுவ ஒரே மாசத்துல தேய்ச்சிருவானுவ.’

‘வாங்கி எவ்வளவு நாளாச்சு?’

‘அது ஆச்சு சார், ஏழெட்டு வருஷம். அப்பம் ஒரு பிள்ள பிரமாதமா ஆடும். அதுக்குன்னுதான் வாங்குனது. பிளஸ் டூ முடிச்சுட்டுப் போயிட்டு. கெட்டிக் குடுத்து, இப்பம் ஒரு குழந்தைகூட இருக்கு.’

மனிதர் கஞ்சனும் இல்லை, கெட்டவரும் இல்லை. அவரே சொன்னார்: ‘தேஞ்ச ரப்பருக்கு விளக்கம் கேப்பாவ சார். பீரோவுல இருக்குறதுக்கு ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ.’

யோசித்துப் பார்த்தால், தப்பு அந்த ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஆரம்பிக்கிறது. பிள்ளைகள் ஆடித் தேய்த்த ரப்பர் அதில் ‘நஷ்டம்’. பீரோவுக்குள் செத்துப்போன ரப்பர் ‘இருப்பு’. இரண்டில் எது வீண்?

தேய்மானம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு பிள்ளை தினமும் ஆயிரம் பந்து அடித்தால், ரப்பரில் குறைவது அவள் கையில் கூடுகிறது. மணிக்கட்டு பழகுகிறது, கண் பழகுகிறது. பண்டமாற்று மாதிரி. பீரோவில் கெட்டுப்போனதோ யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. திறமையை எடுத்து வைத்து அப்புறம் பயன்படுத்திக்கொள்ள முடியாது. அதைத் தினமும் செலவழித்தால்தான் சேமிக்க முடியும். நம்ம சென்னை சரத் கமல் 2006-ல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வாங்கினார். 2022-ல் பர்மிங்காமில் மறுபடி அதே தங்கம், 40 வயதில். நடுவே உள்ள 16 வருஷத்தில் எத்தனை ரப்பரைத் தேய்த்துத் தூக்கிப் போட்டிருப்பார்!

‘அப்படியென்றால் சேமிப்பதே தப்பா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஊர் ஜனங்களே சேமிப்பில் கெட்டிக்காரர்கள். பதநீர் கிடைப்பது வருஷத்தில் சில மாதம்தான். இறக்கிய அன்றே காய்ச்சாவிட்டால் புளித்துவிடும். அந்தச் சில மாதத்தை வருஷம் முழுக்க இழுத்துக்கொண்டு போகத்தான் கருப்பட்டி. ஆனால், கருப்பட்டி போடுகிற அம்மாவுக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, ஈரம் பட்டால் இது கசியும், எத்தனை நாள் தாங்கும் என்பது. இன்னொன்று, இதை யார் தின்னப் போகிறார்கள் என்பது. அதனால் தினமும் ஒரு துண்டு உடைபடுகிறது.

இந்த இரண்டும் தெரிந்து வைத்தால் அது பாதுகாப்பது. தெரியாமல் வைத்தால் பதுக்குவது. பீரோ ஒன்றுதான், பூட்டு ஒன்றுதான்.

திருக்குறளின் 101-வது அதிகாரம் ‘நன்றியில் செல்வம்’. யாருக்கும் உதவாத செல்வத்தை, தனிமையிலேயே மூப்படைந்துவிட்ட ஓர் அழகிக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். ரப்பரைப் பார்க்காத மனுஷர், செல்வத்துக்கும் முதுமை உண்டு என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ!

நம் வீடுகளிலும் அந்த பீரோ இருக்கிறது. விருந்தாளி வரட்டும் என்று எடுத்து வைத்த பீங்கான் தட்டு, விசேஷத்துக்கென்று மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்த பட்டுப் புடவை, ‘உடைச்சுருவான்’ என்று பிள்ளையின் கைக்கு எட்டாமல் ஷோகேஸில் வைத்த பொம்மை. பீங்கான் கெடாது, சரி. அதில் சாப்பிட வேண்டிய பாட்டிக்கு வயதாகிறதே? கெட்டுப்போகாத பொருளை வைத்திருந்தாலும், யாருக்காக வைத்தோமோ அந்த ஆள் காத்திருப்பதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் ரப்பர் புதுசாகவே இருந்திருந்தாலும், அந்தப் பெண்ணுக்கு இனி அது எதற்கு?

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து, ‘நல்ல நாளுக்கு’ என்று வைத்திருப்பதையெல்லாம் வெளியே எடுங்கள். பொருள் வாங்கிய தேதியை அப்புறம் பார்க்கலாம். யாருக்காக வாங்கினீர்களோ, அவருடைய வயதை முதலில் பாருங்கள்.