வழிப்பேச்சும் வாய்மையும்

பேருந்திலும் இரயிலிலும் அருகில் அமர்ந்தவர் பேச்சுத் தொடுப்பது நம் நாட்டில் புதுமையன்று. எந்த ஊர், என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை பேர் என வினாக்கள் வரிசையாக வரும். பொழுது சாயுமுன் நாம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால், "இவ்வளவு சீக்கிரமாகவா?" என்னும் வினாவும் உடன் வரும். பல வேளைகளில் இவை நல்ல நட்புக்கு வித்தாகின்றன. ஆனால் நோயுற்றவரைக் காணச் செல்வோருக்கும், துக்க வீட்டிலிருந்து திரும்புவோருக்கும், மனத்துள் ஜபம் செய்வோருக்கும் அயலார் பேச்சு சுமையாகிவிடுகிறது. அப்போது செய்யத்தக்கது யாது?

பெரும்பாலோர் சிறு பொய்யை நாடுகின்றனர். உறங்குவது போல் கண்களை மூடிக்கொள்வர்; இல்லாத தலைவலியை உண்டென்பர். ஒலிக்காத கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வது இக்காலத்து வழக்கம். பிறர் மனம் நோகாதிருக்கவே இவ்வாறு செய்கிறோம், ஆகவே இதுவும் அகிம்சையே என்று வாதிப்போரும் உளர். சத்திய அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் இவ்வாதத்தைச் சற்றே ஆராய்தல் வேண்டும்.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம், சத்திய விரதத்தை உறுதிப்படுத்தும் ஐந்து பாவனைகளைக் கூறுகிறது. சினம், பேராசை, அச்சம், நகைப்பு ஆகிய நான்கையும் விடுதல், ஆராய்ந்து பேசுதல் என்பன அவை. இவற்றுள் அச்சத்தைப் பற்றி நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் நம்மைச் செருக்குடையவர் என்று கருதிவிடுவாரோ என்னும் அச்சமே உறக்க நடிப்புக்குக் காரணம். அங்கே காக்கப்படுவது அவர் மனமன்று, நம் பெயரே. அதனைக் கருணை என்று எவ்வாறு கூறுவது?

அதற்காக உண்மையைக் கல்லைப் போல் எறிய வேண்டுவதில்லை. முகம் பார்த்து, தணிந்த குரலில், "ஐயா, தவறாகக் கொள்ள வேண்டாம், சற்று நேரம் பேசாமல் வர விரும்புகிறேன்" என்றால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. காரணம் தேடும்போதுதான் பொய் நுழைகிறது. ஆசிரியப் பயிற்சியில் நமக்கு ஒன்று கற்பித்தனர்: பாடத்தின் நடுவே குறுக்கிடும் மாணவனை நிறுத்தலாம், மற்ற மாணவர் நகைக்கும்படி நிறுத்தலாகாது. முகத்தைச் சுளித்து 'உச்' கொட்டித் திரும்பிக்கொள்வது, சொல்லின்றியே செய்யும் இம்சையாகும்.

தனியே பயணம் செய்யும் பெண்பிள்ளைகளுக்கு இவ்வளவு போதாது. எல்லோரிடமும் பணிவாகப் பேசு என்று வளர்க்கின்றோம். பேச்சை எங்கே நிறுத்தலாம் என்று கற்பிப்பதில்லை. எந்த விடுதியில் தங்குகிறாய், எங்கே இறங்குவாய் என்று துருவுபவனுக்கு விடை கூறும் கடமை எவளுக்கும் இல்லை. வாய் திறவாது காத்தலும் வசன குப்தியே. ஒருமுறை மறுத்த பின்னும் தொடர்பவனிடம் மென்மை வேண்டா. இடம் மாறலாம், நடத்துநரை உரக்க அழைக்கலாம், இரயிலில் 139 என்னும் எண்ணையும், பெண்களுக்கான 181ஐயும் அழைக்கலாம். "அண்ணன் நிலையத்தில் காத்திருக்கிறான்" என்று அவள் இல்லாததையே சொல்லிவிட்டாலும் நாம் குறை காணமாட்டோம். ஆபத்தை விளைக்குமாயின் உண்மையையும் இல்லறத்தான் உரைக்கலாகாது என்று சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் வகுத்துள்ளார். தன்னைக் காக்கும் அச்சம் வேறு, பெயரைக் காக்கும் அச்சம் வேறு.

இனி, எழுபதைக் கடந்த நம்மைப் போன்றோர் பெரும்பாலும் பேச்சைத் தொடங்கும் பக்கத்திலேயே இருக்கிறோம். வீட்டில் கேட்பார் இல்லாத பேச்சு, பேருந்தில் வழி தேடுகிறது. அது இயல்பே. இரண்டு வினாக்களுக்கு ஒற்றைச் சொல்லில் விடை வந்தால், மூன்றாவதை விட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பலாம். வந்தவாசியிலிருந்து சேத்துப்பட்டுச் சாலையில் செல்வோருக்குச் சிறிது தொலைவிலேயே பொன்னூர் மலை தெரியத் தொடங்கிவிடும்.