பயன் தீர்ந்த பின்னும்

உயிர்களுக்கு நாம் காட்டும் இரக்கம் இரு வகைப்படும். கண்முன் துடிக்கும் உயிரைக் கண்டு நெஞ்சம் இளகிச் செய்வது ஒன்று. நம் பொறுப்பில் வாழும் உயிருக்கு, நெஞ்சம் சலித்த நாளிலும் தவறாமல் செய்வது மற்றொன்று. முன்னதற்கு ஒரு கணம் போதும்; பின்னதற்குப் பொறுமை வேண்டும்.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தம் தோல் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டிய மனிதரை நாம் அறிவோம். அச்செயலுக்காக இறைவன் அவரை மன்னித்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதைப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிந்துள்ளன. அந்த நாயின் தாகம் ஒரு காலுறை நீரில் தணிந்தது. எவ்வளவு குடித்தும் தாகம் தணியாத நாயொன்று நம் வாசலிலேயே கிடந்தால் நம் கடமை என்ன?

இது வெறும் கற்பனை வினா அன்று. முதிய நாய்களுக்கு வரும் 'குஷிங்' நோயின் முக்கிய அடையாளம் அடங்காத் தாகமே. 1932 ஆம் ஆண்டு மனிதரிடம் இந்நோயை விளக்கி எழுதிய அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயரே இதற்கு வழங்குகிறது. நோயுற்ற நாய்களுள் பெரும்பாலானவற்றுக்கு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டி காரணமாகிறது. சிலவற்றுக்குச் சிறுநீரகத்தை அடுத்த அட்ரீனல் சுரப்பியில் கட்டி உண்டாகிறது. இதனால் 'கார்ட்டிசால்' என்னும் சுரப்பு மிகுந்துவிடுகிறது. உடல் நீரை ஓயாமல் வெளியேற்ற, நாய் ஓயாமல் குடிக்கிறது. பசி மிகும், வயிறு தொங்கும், மயிர் உதிரும், மூச்சு இரைக்கும்.

இங்கேதான் சோதனை தொடங்குகிறது. இத்தனை காலம் ஒழுங்காயிருந்த நாய் கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது. அதன் பசியைப் பேராசை என்கிறோம். அதன் தளர்ச்சியைச் சோம்பல் என்கிறோம். நோயைக் குற்றமாக்கிக் கோலெடுப்பவரும் உண்டு. தண்ணீர்ச் சட்டியை ஒளித்துவைப்பவரும் உண்டு. நீரை மறைத்தாலும் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கும். ஆகையால் அது உயிருக்கே ஆபத்து.

"நாய் நஜீஸ் அல்லவா?" என்று கேட்கலாம். ஷாபிஈ மத்ஹபின்படி அதன் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். அது தூய்மைக்கான சட்டம். கொடுமைக்கான அனுமதிச் சீட்டு அன்று. கால்நடைக்கும் பயிருக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் இடமளித்துள்ளது. காவலை ஏற்றுக்கொண்ட நாம், காவலனின் முதுமையை மட்டும் எப்படி மறுக்க இயலும்?

இவ்வினாவுக்கு ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் ஒருவரே விடை தந்திருக்கிறார். ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் அவர்கள், மனிதர் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைத் தம் 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் வரிசைப்படுத்துகிறார். முதுமையாலோ நோயாலோ பயன்படாமற் போன விலங்குக்கும் உரிய செலவைச் செய்தாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பயன் தீர்ந்ததும் கடமையும் தீர்ந்தது என்னும் வணிகக் கணக்கை அந்த அறிஞர் ஏற்கவில்லை.

ஆயின், ஏழை என் செய்வான்? 'டிரைலோஸ்டேன்' என்னும் மருந்தை நாள்தோறும் உணவோடு கொடுத்து, அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் செய்தால் பல நாய்களின் தாகம் தணிகிறது. எனினும் மருந்தை நிறுத்தினால் நோய் தலைதூக்கும். அளவு மிஞ்சினால் வாந்தியும் தளர்ச்சியும் கண்டு உயிருக்கே ஊறு நேரலாம். இச்செலவு எல்லோராலும் தாங்கக் கூடியதன்று. சக்திக்கு மீறி எவரையும் இறைவன் சிரமப்படுத்துவதில்லை. ஆனால் நிறைந்த தண்ணீர்ச் சட்டி, வெளியே ஒரு நிழல், அடியாத கை ஆகியவற்றுக்குச் செல்வம் எதற்கு?

பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள் என்பதும் நபிமொழியே. தன் கைக்குள் இருந்த உயிரை அவள் மறந்தாள். அதுவே அவளது குற்றம். கிணற்றடி மனிதருக்கு வாய்த்த நற்பேறு ஒரு நாளில் அமைந்தது. முதிய நாயின் சட்டியை நிரப்பும் வீட்டாருக்கோ அது ஒவ்வொரு நாளும் வாசலில் காத்திருக்கிறது.