தாய்ப்பால் யாருடைய கடன்?

தாய்ப்பால் கொடுப்பது தாயின் கடமை என்று சொல்லிவிடுவது எளிது. கொடுப்பதா, எத்தனை மாதம், நடுவில் மாவுப்பால் சேர்ப்பதா என்று தீர்மானமாகும் இடத்தில் அவள் தனியாக இருப்பதில்லை. அடையாற்றில் ஒரு பிரசவ அறை. குழந்தை பிறந்து இரண்டாம் நாள். மஞ்சளாக, கெட்டியாகச் சில சொட்டு சீம்பால் வருகிறது. அந்தச் சின்ன வயிற்றுக்கு அது போதும். குழந்தை அழுததும், "பால் பத்தலை போலிருக்கே" என்கிறார் துணைக்கு வந்த பெரியவர். மாவுப்பால் கரைகிறது. புட்டியில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் சப்புவது குறைகிறது. சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும். இரண்டே வாரத்தில் பெரியவர் வாக்கு பலித்துவிடுகிறது.

அன்பில் சொன்ன சொல்தான் அது. அதே அன்புதான், பால் ஊறட்டும் என்று, பூண்டு உரித்துப் பத்தியக் குழம்பு வைக்கிறது, கடலோரக் குப்பத்தில் சுறாப்புட்டு செய்கிறது. சொல் மட்டுமே தடையல்ல; அறுவைச் சிகிச்சையின் வலியும் முதல் பாலூட்டலைத் தள்ளிப்போடும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் 55 சதவீதம்.

இதில் அறத்தின் கேள்வி எங்கே இருக்கிறது? புறநானூற்றில் பொன்முடியார் கடமைகளைப் பங்கிட்டு வைக்கிறார்: பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நன்னடை நல்குவது அரசனுக்கு. ஒரு பிள்ளைக்கு ஊரே கடன்பட்டிருக்கிறது. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 233ஆம் வசனம் இன்னும் நேராகப் பேசுகிறது. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்பினால் இரண்டு ஆண்டு. அந்தக் காலத்தில் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு. முன்னதாகவே நிறுத்துவதென்றால் இருவரும் கலந்து பேசி நிறுத்தலாம். செவிலித்தாயை அமர்த்தினாலும் குற்றமில்லை. தாயை வருத்தாதே என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது.

சைவர்களுக்குச் சீர்காழிக் குளக்கரை நினைவுக்கு வரும். குளிக்கப் போன தந்தையைக் காணாமல் அழுத பிள்ளை சம்பந்தருக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் ஊட்டினாள் என்கிறது பெரியபுராணம். பால் கிண்ணத்தில் வந்தது; ஊட்டியவளும் பெற்றவள் அல்லள். சம்பந்தர் பெற்ற ஞானம் அதனால் குறைந்துபோகவில்லை. வேலைக்குப் போகுமுன் பால் எடுத்து வைத்துவிட்டுக் குற்ற உணர்வோடு கிளம்பும் பெண்ணுக்கும், தாய்ப்பால் வங்கிக்குப் பால் தருபவளுக்கும் இதைவிடப் பெரிய ஆறுதல் வேண்டியதில்லை. பெசன்ட் நகரில் கோயில் கொண்டிருக்கும் வேளாங்கண்ணி மாதாவின் கதை இன்னொரு பக்கத்தைக் காட்டும். பிள்ளையை ஏந்திய அந்த அன்னை, பால் கொண்டுபோன ஒரு சிறுவனிடம் தன் குழந்தைக்காகப் பால் கேட்டாள். கேட்டதால் அவள் தாய்மை குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

மரபு என்றாலே சரி என்றும் ஆகாது. பிறந்ததும் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் சேனை வழக்கம், ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் என்ற இன்றைய மருத்துவ அறிவுரைக்கு எதிரானது. இங்கே பாட்டி விட்டுக்கொடுப்பதே தர்மம்.

கொடுக்கும் வழியை அடைத்துவிட்டு அதைக் கடமை என்று சொல்வது அநீதி. குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரம் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்புத் தந்தது. மாநில அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு. அடையாறு காந்தி நகர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு இந்த விடுப்பு எட்டுவதில்லை. அடையாற்றில் அவ்வை இல்லம் நடத்திய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலுள்ள மகப்பேறு உதவித் திட்டம் அவளுக்குத் தவணைகளில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தருகிறது. அது தீர்ந்ததும் அவள் வேலைக்குத் திரும்புகிறாள்; பகலில் குழந்தைக்குப் புட்டிப்பால், இரவில் மட்டும் தாய்ப்பால்.