சேமித்த இல்மும் கற்ற இல்மும்



கல்வி திருடமுடியாத செல்வம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்தக் கல்வியை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? வாட்ஸ்அப்பில் வந்த ஹதீஸ்கள், பிறகு கேட்கலாம் என்று சேமித்த பயான்கள், பதிவிறக்கம் செய்த கிதாபுகள் எல்லாம் கைப்பேசியில் இருக்கின்றன. இன்று அந்தக் கைப்பேசி தொலைந்தால் நம்மிடம் மிஞ்சும் இல்ம் எவ்வளவு?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை இப்படி யோசிக்க வைத்தவன் ஒரு கொள்ளைக்காரன். மாணவப் பருவத்தில் ஜுர்ஜானில் ஓதிவிட்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். பாடக் குறிப்புகளை மட்டுமாவது திருப்பித் தரும்படி இமாம் கேட்டார்கள். பையைப் பறித்ததும் பறிபோய்விடுகிற ஒன்றைக் கற்றதாக எப்படிச் சொல்கிறாய் என்று கொள்ளைத் தலைவன் சிரித்தான். குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தான். அல்லாஹ்வே அவனைப் பேசவைத்தான் என்று கருதிய இமாம், 3 ஆண்டுகள் உழைத்து அத்தனையையும் மனனம் செய்தார்கள். இமாம் சுப்கீ (ரஹ்) இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் எழுதிவைப்பது தவறா? இல்லை. நபி (ஸல்) அவர்களின் அனுமதியோடு அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் ஹதீஸ்களை எழுதினார்கள். நம் கோவிலூருக்கு அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஒருவராக ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். 1983ல் அவர் மறைந்தார். 1994ல் அந்தச் சேகரம் சென்னையில் ஆய்வு நூலகமாக நிறுவப்பட்டது. சேர்ப்பது பெரிய பணிதான். ஆனால் யாராவது திறந்து படிக்கும்போதுதான் அது பயன் தருகிறது.

நூல்களைச் சுமந்தும் பயன்பெறாத கழுதையின் உவமையை அல்லாஹ் ஜும்ஆ அத்தியாயத்திலேயே, 5வது வசனத்தில் வைத்திருக்கிறான். சுமப்பவர் எல்லாம் கற்றவர் அல்லர்.

பல கலைகளைக் கற்ற ஒரு மாணவர், இவற்றில் மறுமையில் எனக்கு உதவுவது எது என்று இமாம் கஸ்ஸாலிக்கே எழுதிக் கேட்டார். அதற்கு இமாம் தந்த பதில்தான் 'அய்யுஹல் வலத்' என்ற நூல். கற்றபடி அமல் செய்யவேண்டும் என்பதே அதன் சாரம். இஹ்யாவில் ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும்போதும், மாணவரைப் பெற்ற பிள்ளையாக நடத்துவது, அவரது அறிவுக்கு ஏற்ற அளவு கொடுப்பது, தாம் சொல்வதைத் தாமே செய்வது ஆகியவற்றை இமாம் வலியுறுத்துகிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே! மக்தபிலிருந்து வரும் பிள்ளையிடம் எத்தனை பக்கம் முடிந்தது என்று கேட்காதீர்கள். கிதாபை மூடிவைத்துவிட்டு, இன்று என்ன கற்றாய் சொல் என்று கேளுங்கள். நீங்களும் இந்த வாரம் ஒரே ஒரு ஹதீஸை எடுங்கள். கைப்பட எழுதுங்கள். வீட்டாருக்குச் சொல்லுங்கள். அதன்படி நடங்கள். பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

பயனற்ற கல்வியை விட்டு நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடினார்கள். உள்ளத்தில் தங்கி, அமலில் வெளிப்படும் இல்மை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.