பிரீமியத்தால் தீராத கடன்

புதுச்சேரியின் காட்டேரிக்குப்பம் போன்ற ஊர்களில் மாட்டு இன்சூரன்ஸ் பழகிய ஒன்று. காதில் வில்லை போட்ட கறவை மாடு இறந்தால், கால்நடை மருத்துவரின் சான்றோடு ஈட்டுத்தொகை கேட்கலாம். அங்கே காக்கப்படுவது வளர்ப்பவரின் பிழைப்பு. புல்டாக் இன நாய்க்கு எடுக்கும் மருத்துவக் காப்பீடோ உயிரோடிருக்கும் நாயின் வைத்தியச் செலவுக்கானது. பால் தராத, வருமானம் ஈட்டாத ஒரு விலங்கின் நோய்க்கு முன்கூட்டியே பணம் கட்டுவது வசதியுள்ளவரின் விருப்பமா, வளர்ப்பவரின் கடமையா? அந்த நாயின் உடலமைப்பை அறிந்தால், கடமை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. புல்டாக்குக்கு அந்த வழியே அடைபட்டிருக்கிறது: மூக்குத்துளை குறுகல், மெல்லண்ணம் நீளம், தொண்டை நெருக்கம். கத்திரி வெயிலில் சிறிது ஓடினாலே உயிருக்கு ஆபத்து வரலாம். தோல்மடிப்புப் புண், கண்நோய், மூட்டுக் கோளாறு ஆகியவையும் இந்த இனத்தில் அதிகம். பிரிட்டனில் 2010-இல் வெளியான ஆய்வொன்றில், புல்டாக் ஈற்றுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் சிசேரியன் அறுவையால் நடந்தவை. இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று தமிழ்நாடு அரசின் 2024-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கை பட்டியலிட்ட அயல் இனங்களில், புல்டாக்கைப் போலவே தட்டை முகம் கொண்ட பிரெஞ்சு புல்டாக்கும் பக்கும் இருந்தன. புல்டாக்கின் இந்த நோய்கள் எதிர்பாராமல் வருபவை என்று யாரும் சொல்ல முடியாது. தட்டை முகத்தை விரும்பி மனிதர்கள் தேர்ந்து வளர்த்ததன் விளைவை நாய் சுமக்கிறது. விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கு வேண்டியதைச் செய்ய வேண்டும் என்கிறது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. சட்டம் இல்லாவிட்டாலும், தெரிந்தே வாங்கியவருக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

மனிதருக்கே மருத்துவக் காப்பீடு இல்லாத வீடுகள் சுற்றிலும் இருக்க, நாய்க்குப் பிரீமியமா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியை ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துக் குட்டி வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். வாங்கிய பிறகு ஏழ்மையைக் காட்டி வைத்தியத்தை மறுத்தால், பிறர் துன்பத்தின் பெயரால் இன்னொரு துன்பம் கூடுகிறது. பிரீமியத்தைவிட அந்தப் பணத்தைத் தபால் நிலையத்தில் சேர்ப்பது மேல் என்போரும் உண்டு. தவறாமல் சேர்த்தால் அதுவும் கடமையை நிறைவேற்றும் வழிதான். எனினும் மூச்சுத்திணறல் சேமிப்பு நிறையும்வரை காத்திருக்காது. புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடம் அருகில் இருப்பது பெரும் துணை. ஆனால் அங்கே அறுவை செய்தாலும், அதன் பின்னும் மருந்துச் செலவும் பராமரிப்பும் தொடரும்.

ஆனாலும் பாலிசி எடுத்ததோடு கடன் தீராது. பல பாலிசிகள் பிறவிக் குறைகளையும் ஏற்கெனவே உள்ள நோய்களையும் விலக்குகின்றன. காத்திருப்புக் காலம், வயது வரம்பு, தடுப்பூசிச் சான்று ஆகிய நிபந்தனைகளும் உண்டு. புல்டாக்கின் மூச்சுக்கோளாறை விலக்கும் பாலிசி, அந்த நாய்க்கு மிகத் தேவையான இடத்தில் கைவிடுகிறது. எனவே பிரீமியம் குறைவா என்பதற்கு முன் விலக்குப் பட்டியலைப் படிப்பதே அறம். காப்பீடு இருக்கும் துணிவில் இன்னொரு குட்டியை வாங்குவதோ, இருப்பதை இனப்பெருக்கத்துக்கு விடுவதோ தகாது. பணம் செலவை ஈடுகட்டும், திணறலை ஈடுகட்டாது. வீட்டில் இருக்கும் புல்டாக்கை இறுதிவரை காக்க வேண்டும். புதிதாக நாய் தேடுவோர், இந்த வெயிலுக்கே பழகிய நாட்டு இனங்களான கன்னியையோ சிப்பிப்பாறையையோ தெருவில் பிறந்த குட்டியையோ ஏற்க வேண்டும்.